வலது கை ரோஜா, இடது கை ரோஜா

வலது மணிக்கட்டில் இருப்பது ரோஜாவும் சந்தனமும், இடதில் ரோஜாவும் அகிலும். இல்லை. மாமி அத்தர் தொட்டு வைக்கும்போது நான் வலது கையால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அப்படியானால் முதலில் நீட்டியது இடது கை, முதலில் திறந்தது சந்தனம் போட்ட குப்பி, அப்போது இடதுதான் சந்தனம். அல்லது காலை விட்டுவிட்டு வலதை நீட்டினேனா. இரண்டு இடத்திலும் தோல் ஒரே மாதிரி மினுங்குகிறது. வலதை மூக்கருகே கொண்டுபோகிறேன். மூச்சு உள்ளே போவது தெரிகிறது, துவாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் குளிர்ச்சி தெரிகிறது, அதோடு சரி. இடதையும் பார்க்கிறேன், அதே குளிர்ச்சி, அதே காலி. மைமூனா வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது வந்த காய்ச்சலோடு என் மூக்கிலிருந்து வாசம் போனது. காய்ச்சல் விட்டது, பிள்ளை பிறந்தது, வாசம் திரும்பி வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வேறு வீடாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, இது அத்தர்க் கடைக்காரர் வீடு, நாகூரில் மாமாவின் கடை தெரியாதவர்கள் குறைவு, இந்த வீட்டில் மழை வருவதைக்கூட மூக்கால்தான் சொல்வார்கள். நாளை மறுநாள் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் விசேஷம். வருகிறவர்கள் எல்லோருடைய புறங்கையிலும் ஒரே அத்தர் தொட்டு வைக்கவேண்டும், பிள்ளையின் உச்சியிலும் அதே, எது என்று பெற்றவள்தான் சொல்லவேண்டும், அது இந்த வீட்டு வழக்கம். என்னைக் கட்டிய மச்சானுக்கு மல்லிகை எடுத்தாராம் மாமி, அதனால் ஷார்ஜாவில் இருந்தாலும் மச்சானுக்கு இன்னும் மல்லிகைதான். மச்சானின் தங்கை ஜெரினாவுக்குத் தாழம்பூ. "எங்கும்மா எடுத்த லட்சணத்தப் பாருங்க மச்சி, பக்கத்துல உக்காந்தா பாம்பு வரும்னு காலேஜ்ல கிண்டல் பண்றாளுவ." ஆக, நான் இன்று சொல்லப்போவது ஒரு நாளைக்கான வாசம் இல்லை. மைமூனாவுக்குக் கல்யாணமாகும் வரைக்கும், அதற்கு அப்புறமும், அவள் தாவணியை மடிக்கிறவர்கள் இது மைமூனாவுடையது என்று சொல்லப்போகிற வாசம்.

"சட்டுன்னு சொல்லிறாத புள்ள, ரெண்டையும் தோல்ல ஊற விடு," என்று மாமி சொல்லிவிட்டுப் போனார். "ரோஜா மொதல்ல வந்து பேசிட்டுப் போயிரும். கட்டைதான் பின்னால வந்து உக்காரும். உக்காந்ததப் பாத்துட்டுச் சொல்லு. அஸர் தொழுதுட்டு மாமா டீக்கு வருவாங்க, வந்ததும் அதத்தான் கேப்பாங்க." போகும்போது வழக்கம்போலச் சட்டியில் தணல் அள்ளி, சாம்பிராணித் தூள் தூவி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளையின் துணிகளைப் பரப்பிவிட்டுப் போனார், நாற்பதுக்குப் போடவேண்டிய வெள்ளைக் கவுனும் அதில் இருக்கிறது. ஜெரினாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவில் நாலு வீட்டுக்கு அழைப்புச் சொல்லப் போயிருக்கிறார். பிள்ளையோடு நான் மட்டும் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. உம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிரசவம் பார்க்க என்னைத் திருச்சிக்கு அனுப்பவில்லை, எல்லாம் மாமிதான் பார்த்தார், குறை சொல்ல முடியாது, குறை இருந்தால் நன்றாக இருந்திருக்கும், மறைப்பது இவ்வளவு கனமாக இருந்திருக்காது. மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், என் மருமவ மூக்கு மாமாவுக்கு மேல என்று. அது எப்படி வந்தது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. காய்ச்சல் விட்ட வாரம் மாமா ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் கையில் தொட்டு, வடக்கேயிருந்து ஒரு ஏஜெண்ட் கொடுத்த ரோஜா எண்ணெய், எப்படி இருக்கு பாரு என்றார். நான் மோந்தேன், மறுபடி மோந்தேன், பயந்துபோய் உள்ளதைச் சொன்னேன், இதுல எந்த வாசமும் இல்லையே மாமா என்று. மாமா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கும் அதன்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. "ரோஜாவே இல்லாத எண்ணெயக் குடுத்துட்டுப் போயிருக்கான். மூக்குன்னா இது மூக்கு." மொத்த டின்னையும் திருப்பி அனுப்பினார். அன்றே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. அதிலிருந்து எதை நீட்டினாலும் நான் பதில் சொல்லாமல் இருந்தேன், கொஞ்சம் இருக்கட்டும் மாமா என்றேன், பேச்சை மாற்றினேன், பிள்ளை அழுகிறாள் என்று எழுந்து போனேன். இந்த வீட்டில் அவசரமாகச் சொல்கிறவனைத்தான் மூக்கில்லாதவன் என்பார்கள். நான் பேசாமல் இருக்க இருக்க என் மூக்கு வளர்ந்துகொண்டே போனது.

யோசித்தால் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ரோஜா. திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டில் மாதா சிலை இருக்கும் கல் கெபியைச் சுற்றி ரோஜாச் செடிகள் இருந்தன, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்ற பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துவிடுவார்கள், சத்தம் போடாமல் ஹோம்வொர்க் எழுதவேண்டும், மழை பெய்து விட்ட மத்தியானங்களில் நோட்டின் மேல் சொட்டு விழும். கல் தெரிகிறது, கல்லில் பாசி தெரிகிறது, முள் குத்திய விரலை வாயில் வைத்தது தெரிகிறது, இரும்பு மாதிரி அந்த ரத்தத்தின் ருசிகூடத் தெரிகிறது, ரோஜா மட்டும் அட்டையில் அச்சடித்த ரோஜாவாக நிற்கிறது. பெயர் வந்து நிற்கிறது, ஆள் வரவில்லை. பயாலஜி எடுத்த சிஸ்டர் ஜெசிந்தா போர்டில் மூக்கைக் குறுக்காக வெட்டி வரைந்து, மேலே சின்னச் சின்ன மயிரிழைகளாகப் போட்டு, இதுதான் வாசத்தைப் பிடிக்கிறது என்றார், என் மயிரிழைகள் கருகிப்போயிருக்குமா, உதிர்ந்திருக்குமா, உதிர்ந்தது முளைக்குமா. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாட்களில் அதே சிஸ்டர்தான் சொல்லிக்கொடுப்பார், கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கணும், பதில் தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை, நான் வலது கையைப் பார்த்துத்தான் கேட்பேன். எத்தனையோ முறை இடது கையை உயரத் தூக்கி, முகத்தில் எல்லாம் தெரிந்த களையோடு உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் போன பிறகு பூந்தி தருவார்கள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கேட்கப்போகிற மாமாவுக்கு இடது எது வலது எது என்று தெரியாது. சந்தனம் வருகிறதா பார்க்கலாம். சின்ன வயதில் வேர்க்குரு வந்தால் உம்மா கட்டையை உரசி முதுகில் தடவிவிடுவார், காய்ந்ததும் தோல் இழுக்கும், சட்டை போடக்கூடாது, மின்விசிறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுக்கவேண்டும். இழுக்கிறது. முதுகில் இப்போதும் இழுக்கிறது. அந்த இழுப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று அசைகிற மாதிரி இருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுகிற மாதிரி, பிடிக்கப் போனால் போய்விடுகிறது, ஆனால் இருக்கிறது. அகிலுக்கு அதுவும் இல்லை. இந்த அகில் போன மாதம்தான் கடைக்கு வந்தது, முன்பெல்லாம் விலைக்கு அஞ்சி மாமா வாங்கியதில்லை. நான் அதை மோந்ததே கிடையாது. வீடே அதைப் பற்றிப் பேசுகிறது, ஜெரினா "பழைய பீரோவத் தொறந்து அதுக்குள்ள தேன ஊத்தின மாதிரி" என்றாள், மாமி "போடீ, மழைல நனஞ்ச காடு" என்றார், மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் பீரோவையும் தேனையும் காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்று படங்கள், அவ்வளவுதான்.

கேஸை அணைத்தேனா. அணைத்தேன். பால் காய்ச்சி இறக்கியதும் அடுப்பின் குமிழைத் திருப்பினேன், திருப்பியது விரலில் நினைவிருக்கிறது, நேற்றுத் திருப்பியதாகவும் இருக்கலாம். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அணைத்துத்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்ததும், பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்று வருகிறது, மறுபடி போகிறேன், இந்தத் தடவை குமிழைக் கையால் தொட்டு வாய்விட்டுச் சொல்கிறேன், அணைத்திருக்கிறது. இப்படித்தான் ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ. பிள்ளையின் துணியையும் அப்படித்தான், நனைந்ததோ மலம் போனதோ எனக்குத் தெரியாது, அதனால் கையை விட்டுவிட்டுப் பார்க்கிறேன், தூங்குகிற பிள்ளையைக்கூடப் புரட்டிப் பார்க்கிறேன். "எம்மருமவ மாதிரி நேரம் தவறாம பாக்குறவள நான் பாத்ததில்ல," என்கிறார் மாமி. சோற்றில் உப்பும் உறைப்பும் புளிப்பும் மட்டும்தான் எனக்கு, தால்ச்சாவும் ரசமும் ஒன்று, கொஞ்சமாகத் தின்கிறேன், பிள்ளைக்குச் சேராதென்று வாயைக் கட்டுகிறாள் என்கிறார். என் பயம் ஒவ்வொன்றையும் எடுத்து இவர்கள் நல்ல பெயராக மாற்றித் திருப்பித் தருகிறார்கள். மச்சானும் அப்படித்தான். பெருநாள் கழித்து விசா வந்துவிடும், என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொள்ள ஃபிளாட் பார்த்துவிட்டார், நேற்று வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டினார், "சமையக்கட்டுக்கு ஜன்னல் இல்ல, ஆனா ஒனக்கென்ன, ஒம் மூக்குக்கு ஒரு நூலு கேஸ் கசிஞ்சாலும் தெரிஞ்சிருமே" என்று சிரித்தார், சிலிண்டர் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது, ஒரு ஆள் மூலையில் நிற்கிற மாதிரி. அவர் காலையில் போனால் இரவில்தான் வருவார். நானும் மைமூனாவும் அந்தச் சிலிண்டரும். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். எதிர்வீட்டு ஸபீனாவுக்கு வலிப்பு வரும், பிள்ளையை இங்கே மாமியார் வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் தம்மாமில் இருக்கிற புருஷனிடம் போனாள், சாயங்காலம் ஆனால் அந்தப் பையனின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பார்கள், அவன் போனை நக்குவான். "அதான் நல்லது, முடியாதவகிட்ட புள்ளய நம்பி விடலாமா," என்று மாமி சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், வெங்காயம் எனக்கும் கண்ணில் எரிந்தது, அது மட்டும் இன்னும் எரிகிறது. அதனால் இரண்டு பக்கமும் கதவு. சொன்னால் பிள்ளை இங்கே, சொல்லாவிட்டால் பிள்ளை அந்தச் சமையலறையில். தொட்டிலைப் பார்க்கிறேன். மாமியின் பழைய சேலையைக் கட்டிய தொட்டில், முந்தானை தரைவரைக்கும் தொங்குகிறது. எல்லோரும் வந்து இவள் தலையை மோந்து பார்த்துவிட்டு ஆ என்கிறார்கள், ஆண்கள்கூட, அந்த ஆ என்ன என்று எனக்குத் தெரியாது. அறையில் யாரும் இல்லாதபோது உச்சியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறேன், பூனைமயிர் மாதிரி முடி, அடியில் துடிக்கிற இடம், சூடு. பெற்றவளுக்கு மட்டும் மூடியிருக்கிற ஒரு அறை.

சாம்பிராணி நன்றாகப் புகைகிறது. கூடையின் கண்களிலிருந்து எழுந்து, துணிகளுக்கு இடையில் புகுந்து, வெயில் விழும் இடத்தில் சுருள்சுருளாகத் திரும்புகிறது. வாப்பா மவுத்தாகி, உடலைக் கிடத்தியிருந்த அன்று வீட்டில் இப்படித்தான் புகை நின்றது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதற்கு முன் கற்பூரமும் அத்தரும் வைத்தார்கள், ரோஜாதான் என்று நினைக்கிறேன், அடியில் ஏதோ கட்டை, என் நிக்காஹ்வுக்கு வாசலில் பன்னீர் தெளித்தபோது அதே வாசம் வந்து ஒரு நொடி கால் நின்றுபோனது, யாரும் கவனிக்கவில்லை. வருகிற வாசலுக்கும் போகிற வாசலுக்கும் இவர்கள் ஒரே பூவையும் ஒரே கட்டையையும்தான் வைத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு ரோஜா வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னால் ஏன் என்பார்கள். புகை கொஞ்சம் தடிக்கிறது. அழகாக இருக்கிறது. குழந்தைத் துணிகளுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கவுன் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி மெல்ல உப்பி அடங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாமா வந்துவிடுவார். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி, எதைச் சொன்னாலும் தப்பில்லை, இரண்டுமே நல்லதுதான், ஆனால் சொன்ன பிறகு ஏன் என்று கேட்பார், அந்தக் கேள்விக்குத்தான் கையில் ஒன்றும் இல்லை, ரோஜா போய்க் கட்டை உட்கார்ந்துவிட்டது மாமா என்று சொன்னால் போதுமா, எந்தக் கட்டை எப்படி உட்கார்ந்தது என்றால். கேஸை அணைத்தேனா. அணைத்தாயிற்று, கையால் தொட்டுச் சொல்லியாயிற்று. கண் கொஞ்சம் கரிக்கிறது. சாம்பிராணி என்றால் கரிக்கத்தானே செய்யும்.

"மச்சி, என்ன கருகுது?" ஜெரினாவின் குரல் வாசலுக்கு வெளியே கேட்டது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. நான் சமையலறையைப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடிவந்து கூடையைக் காலால் தள்ளினாள், கூடை உருண்டது, வெள்ளைக் கவுனின் அடியில் கையகலத்துக்கு ஓட்டை, ஓட்டையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு சுற்றிக்கொண்டே போகிறது, ஓட்டை பெரிதாகிறது. பிள்ளைக்கு வைத்திருந்த வெந்நீரை எடுத்து ஊற்றினாள். ஓரத்தில் ஒரு துணி முழுக்கக் கருகிச் சுருண்டிருந்தது, அது எப்போதோ பற்றியிருக்கவேண்டும். மாமி பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூங்கிட்டீங்களா மச்சி?" என்றாள் ஜெரினா. "தூங்காம என்ன செய்வா," என்றார் மாமி, "ராவெல்லாம் புள்ள அழுதுச்சு, கண்ணசந்திருப்பா. நான்தான் கங்க அதிகமா அள்ளிப் போட்டுட்டேன். கவுனு போனா போவுது, வேற வாங்கிக்கலாம்." இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், நான் தலையைக் குனிந்தால் போதும், அதில் நடந்து வெளியே போய்விடலாம். குனிந்தேன். குனிந்த கண்ணில் தொட்டிலின் முந்தானை பட்டது. உருண்ட கூடைக்கும் அதற்கும் நடுவில் என் கை நீளம் இருக்குமா. இங்கே ஜெரினா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. ஷார்ஜாவில் யார் வருவார்கள். அப்போது பார்த்து மாமா செருமிக்கொண்டே உள்ளே வந்தார், தண்ணீரையும் கரியையும் தாண்டிக் காலை வைத்து, ஒன்றும் விளங்காமல், வழக்கம்போல என்னைப் பார்த்து, "என்ன ரமீஸா, எதுன்னு பாத்தியா?" என்றார்.

"நான் தூங்கல மாமி," என்றேன். மாமாவுக்குத்தான் பதில் சொல்லியிருக்கவேண்டும், ஆனால் மாமியைப் பார்த்துத்தான் வந்தது. "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சாம்பிராணிப் புகைன்னு நெனச்சேன். எனக்கு எந்த வாசமும் வராது. காய்ச்சலோட போச்சு, இன்னும் வரல." ஜெரினா மெதுவாக, "அப்ப அந்த ஏஜெண்ட் எண்ணெய்?" என்றாள். "எனக்கு வரல. அதான் இல்லன்னேன்." "வாப்பா," என்று அவள் மாமாவிடம் திரும்பினாள், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "ஒங்களுக்கு மேல மூக்குன்னு உம்மா ஊர் பூரா சொல்லிட்டு வந்தாங்களே." "அந்த எண்ணெய் மட்டமான எண்ணெய்தான்டீ," என்றார் மாமா, ஆனால் குரலில் பலமில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மாமி தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார். தூக்கித் தோளில் போட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பினார், என் கைகள் தானாக நீண்டன. இதைத்தான் எத்தனை மத்தியானங்கள் பார்த்துப் பார்த்துப் பயந்திருந்தேன், அந்த முதுகு, அந்தத் தோளுக்கு மேல் தெரிகிற சின்னத் தலை. "புள்ளய இங்க விடச் சொல்லாதீங்க மாமி," என்றேன். மாமி நின்றார். "யாரு சொன்னா அப்புடி?" "ஸபீனாவுக்குச் சொன்னீங்க." "சொன்னேன்," என்றார். "இப்பவும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்." பிள்ளையின் தலையை ஒரு முறை மோந்தார், மோந்துவிட்டு, ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். "அப்ப இவ தலைய நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "மூக்க வைப்பேன் மாமி. சூடு தெரியும்." மாமி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், ஈரத்தில்தான் உட்கார்ந்தார், பிள்ளையை என் மடியில் வைத்தார். "ஜெரினா, ஷார்ஜாவுக்கு, அஸ்கருக்குப் போனப் போடு. சிலிண்டரத் தூக்கி வெளிய போடச் சொல்லு. கரண்ட் அடுப்பு வாங்கட்டும். மூக்கு டாக்டரு தஞ்சாவூர்ல இருக்காரான்னு கேட்டு வைக்கச் சொல்லு, இல்ல, அத நானே பாத்துக்கிறேன். நீ பேசாத ரமீஸா, நான் பேசிக்கிறேன் அவன்ட்ட."

கரண்ட் அடுப்பு. எத்தனையோ இரவுகள் அந்தச் சிலிண்டரோடு படுத்து அந்தச் சிலிண்டரோடு எழுந்திருக்கிறேன், இது ஒரு தடவையும் தோன்றவில்லை. அடுப்பு மட்டுமா, துணி கருகும், பால் கெட்டுப்போகும், பயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதை இப்போது நாலு பேர் பார்த்துவிட்டார்கள். மாமா எழுந்துபோய் மாடத்திலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார், வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளவா என்று யோசித்தார். "நான் எடுக்கட்டுமா வாப்பா?" என்றாள் ஜெரினா. "பெத்தவதான் எடுக்கணும்," என்றார் மாமா. "மூக்கோட எடுக்கணும்னு யாரும் சொல்லல." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை முகத்தில் எந்தக் களையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "சந்தனம் போட்டது, மாமா," என்றேன். "அகில் நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு அது வெறும் பேரு. நான் மோந்ததே இல்ல. சந்தனம் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. இவ உச்சில மூக்க வைக்கிறப்ப நெனச்சுக்க எனக்கு ஒண்ணு வேணும்." மாமா தலையாட்டினார். நாற்பது வரைக்கும் காத்திருக்கவில்லை, சந்தனக் குப்பியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியின் நுனியால் மைமூனாவின் உச்சியில், துடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தொட்டு வைத்தார். எனக்கு முன்னால் மோந்துவிடக் கூடாதென்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து அந்த இடத்தில் மூக்கை வைத்தேன்.